கடைக்காரர் இல்லாத தெரு: கேங்ஸ்டர் சிற்றுருப் போர்விளையாட்டுகள்

கேங்ஸ்டர் சிற்றுருப் போர்விளையாட்டு என்பது குற்றக் கும்பல்களின் மோதல்களைச் சிறு பொம்மைகளையும் பகடைகளையும் கொண்டு மேசைமீது நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு. பெரும்பாலான ஆட்டங்களின் களம், அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1920–1933 காலத்துச் சிகாகோ. பொம்மைகள் சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுள்ளவை; உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ வார்க்கப்பட்டவை. வாங்கியவரே அவற்றுக்கு வர்ணம் தீட்டிக்கொள்வார். விரல் நுனியளவு கோட்டில் மெல்லிய கோடுகள் இழுத்து, தொப்பிக்குப் பட்டை கட்டி, கையிலுள்ள தாம்சன் துப்பாக்கியின் கட்டைக்குப் பழுப்பு நிறம் தருவதற்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அட்டையிலோ மரப்பலகையிலோ தெரு ஒன்றைக் கட்டி, அதில் முடிதிருத்தகம், உணவகம், வண்டிக்கொட்டகை எல்லாம் வைப்பார்கள். பிறகு இரு தரப்பிலும் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இறங்கிச் சுட்டுக்கொள்வார்கள்.

இந்த ஆட்டங்கள் வரலாற்றிலிருந்து அல்ல, சினிமாவிலிருந்து பிறந்தவை. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் சினிமாவிலிருந்து எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டுவிட்டன என்பதைப் பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்டது துப்பாக்கியையும் தொப்பியையும். விட்டுவிட்டது, அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து மாதாமாதம் மாமூல் கட்டிய மனிதரை. மேசைமீது அவருடைய கடை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, கண்ணாடிச் சன்னல்கூட இருக்கிறது. அவர் மட்டும் இல்லை.

திரையிலிருந்து மேசைக்கு

மேசைப் போர்விளையாட்டின் வேர் படைப்பயிற்சியில் இருக்கிறது. 1824இல் பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட 'கிரீக்ஸ்பீல்' அதிகாரிகளுக்கான பாடமே தவிர விளையாட்டு அல்ல. 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' நூலின் வழியாக அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' இங்கிலாந்தில் அதை ஒரு பொழுதுபோக்காக நிலைநிறுத்தியது. பெரும்படை ஆட்டங்களில் ஒரு பொம்மை பல வீரர்களைக் குறிக்கும். 1970களில் ஒரு பொம்மைக்கு ஒரே மனிதன் என்ற கணக்கில் ஆடும் சிறுமோதல் ஆட்டங்கள் பரவின. ஃபெதர்ஸ்டோன் 1975இல் அதற்கென்றே தனி நூல் ஒன்று எழுதினார். கேங்ஸ்டர் ஆட்டம் இந்தக் கிளையைச் சேர்ந்தது. பொம்மை ஒரு தனி மனிதன் ஆனதும் அவனுக்கு ஒரு பெயரும் நடையும் முகமும் தேவைப்பட்டன. அவற்றைத் தந்தது சினிமா.

இன்று புழக்கத்திலுள்ள விதிநூல்களின் பெயர்களே இதைச் சொல்லிவிடும். கிரேட் எஸ்கேப் கேம்ஸ் வெளியிட்ட 'தி சிகாகோ வே' என்ற தலைப்பு, 1987இல் பிரையன் டி பால்மா இயக்கிய 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் ஷான் கானரி பேசும் வசனத்தை நினைவூட்டுவது. ஹோவர்ட் வைட்ஹவுஸின் 'மேட் டாக்ஸ் வித் கன்ஸ்' 2017இல் ஆஸ்பிரே வெளியீடாக வந்தது. மார்க் காப்பிள்ஸ்டோன் வடித்த கேங்ஸ்டர் பொம்மைகளைப் பார்த்தால், காவல்துறைப் புகைப்படங்களில் காணும் களைத்துப்போன முகங்கள் நினைவுக்கு வருவதில்லை. திரையில் கார்க்கதவைத் திறந்து இறங்கும் நடிகர்களே நினைவுக்கு வருகிறார்கள். நல்ல வேலைப்பாடு, அதில் சந்தேகமில்லை.

'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் சிகாகோ ரயில் நிலையப் படிக்கட்டில் குழந்தை வண்டி உருண்டு இறங்கும் காட்சி, இந்த ஆட்டக்காரர்களுக்கு வேதம் போன்றது. அந்தக் காட்சியே 1925இல் ஐசன்ஸ்டைன் எடுத்த 'போட்டெம்கின் போர்க்கப்பல்' படத்தின் ஒடெஸா படிக்கட்டுக்குச் செலுத்திய வணக்கம். படத்தில் கபோனின் கணக்கரை உயிரோடு பிடிக்கத்தான் அவ்வளவு துப்பாக்கிச்சூடும் நடக்கிறது. உண்மையில் கபோனின் சூதாட்ட விடுதிக் கணக்கரை ஃபுளோரிடாவில் கண்டுபிடித்துப் பேசவைத்தவர், கருவூலத் துறையின் புலனாய்வாளர் ஃபிராங்க் வில்சன். அதற்கு ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. 1931 அக்டோபரில் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது, வருமான வரி ஏய்ப்புக்காக. பேரேட்டைப் புரட்டுவதை எந்தப் பகடை ஆட்டமாக ஆக்குவது? எனவே ஆட்டக்காரர்கள் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இதுவரை அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

ஆனால் பழைய கேங்ஸ்டர் படங்கள் படிக்கட்டோடு முடிந்துவிடவில்லை. 1931இல் வந்த 'தி பப்ளிக் எனிமி' படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மகன் மருத்துவமனையிலிருந்து வருகிறான் என்று தாய் மாடியில் படுக்கை விரிக்கிறாள், இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. அண்ணன் போய்த் திறக்கிறான். கட்டிப்போட்ட பிணமாகத் தம்பி வாசலுக்குள் விழுகிறான். 1932இல் வந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்குத் தணிக்கையாளர்கள் 'தேசத்தின் அவமானம்' என்ற பொருளில் துணைத்தலைப்பு ஒட்டவைத்தார்கள். நாயகன் தூக்கிலிடப்படும் மாற்று முடிவும் எடுக்கப்பட்டது. அந்த ஒட்டுவேலை செயற்கையானது என்பது உண்மை. தணிக்கை கேட்ட பிரசங்கத்தை விட, வாசலில் விழுந்த அந்த உடல் நூறு மடங்கு பேசும். மேசை ஆட்டத்தில் அந்த வாசல் இல்லை. பொம்மை விழுந்தால் பெட்டிக்குள் போகும்.

கிளார்க் தெருவில் நடந்தது

இத்துறையினர் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்க விரும்பும் நிகழ்ச்சி, 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் நடந்த புனித வாலன்டைன் நாள் படுகொலை. 1967இல் ரோஜர் கார்மன் இதைப் படமாக எடுத்தார்; 1959இல் வந்த 'சம் லைக் இட் ஹாட்' என்ற நகைச்சுவைப் படம்கூட இதன் சாயலில் அமைந்த ஒரு கொலையில்தான் தொடங்குகிறது. நடந்தது இதுதான். நார்த் கிளார்க் தெரு 2122ஆம் எண் வண்டிக்கொட்டகையில் பக்ஸ் மோரன் கும்பலைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு இருந்தவர்களுமாக ஏழு பேர். வந்தவர்களில் இருவர் காவலர் சீருடையில் இருந்தனர். வழக்கமான சோதனைதான் என்று நினைத்து ஏழு பேரும் சுவரைப் பார்த்து நின்றனர். இரண்டு தாம்சன் துப்பாக்கிகளும் வேட்டைத் துப்பாக்கிகளும் சுட்டன. மோரன் அங்கே இல்லை. கபோன் அப்போது ஃபுளோரிடாவில் இருந்தார். இந்தக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இதில் மோதல் எங்கே? போர்விளையாட்டின் முதல் நிபந்தனை இரு தரப்புக்கும் வாய்ப்பு. சுவரைப் பார்த்து நிற்பவருக்கு என்ன பகடை? ஆகவே ஆட்டத்தில் வரலாற்றைத் திருத்துகிறார்கள்: மோரன் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவன் துப்பாக்கியை எடுத்துவிட்டான், இனி ஆடுவோம். ஆட்டத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் திருத்தம் ஒரு பொய்யையும் சேர்த்துக் கற்பிக்கிறது. கும்பல் கொலை என்பது வீரர்களின் சண்டை என்ற பொய். அக்காலத்துச் சிகாகோவின் பெரிய கொலைகளை எடுத்துக்கொண்டால், பூக்கடையில் கைகுலுக்கும் பாவனையில் கையைப் பிடித்துக்கொண்டு டியோன் ஒ'பேனியனைச் சுட்டதும் (1924), ஓர் அறையில் நாள்கணக்கில் காத்திருந்து ஹைமி வைஸைச் சுட்டதும் (1926) எல்லாம் பதுங்கித் தாக்கியவைதான்.

கிளார்க் தெருவில் இறந்த எழுவரில் இருவர் என் மனத்தைவிட்டு அகலுவதில்லை. ஒருவர் ஜான் மே, வண்டி பழுதுபார்ப்பவர், பிள்ளைகள் பலர். அவருடைய ஹைபால் என்ற நாய், லாரியில் கட்டிய நிலையில், உயிரோடு கிடைத்தது. மற்றவர் ரைன்ஹார்ட் ஷ்விம்மர். மூக்குக் கண்ணாடித் தொழில் செய்தவர். கும்பலில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. கேங்ஸ்டர்களோடு பழகுவதில் ஒரு கிளர்ச்சி, அவ்வளவுதான். அவர்கள் அருகில் நின்று, அவர்கள் பேச்சைக் கேட்டு, தானும் ஒருவன்போல உணர்வது. கேங்ஸ்டர் படம் பார்க்கும் நம் எல்லோருக்கும், கேங்ஸ்டர் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவருக்கும், முன்னோடி என்று ஒருவரைச் சொல்வதானால் அவர்தான். அந்தக் கொட்டகையை ஆடும்போது ஷ்விம்மருக்கு ஒரு பொம்மை வைத்து, அவர் என்ன செய்வார் என்று கேட்கும் விதிதான் எனக்கு வேண்டியது. நான் படித்தவற்றில் அவர் ஏழில் ஒரு துப்பாக்கிக்காரராகவே இருக்கிறார்.

ஒன்றைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். இவ்வகைச் சிறுமோதல் ஆட்டங்கள் பயத்தை நன்றாகக் கையாளுகின்றன. பக்கத்தில் நிற்பவன் விழுந்தால், தலைவன் அடிபட்டால், மிச்சமிருப்பவர்களின் துணிவைப் பகடை உருட்டிச் சோதிக்க வேண்டும். தோற்றால் அவன் கட்டளைக்குக் காத்திராமல் பின்வாங்குவான், சில வேளைகளில் தெருவைவிட்டே ஓடிவிடுவான். கூலிக்குத் துப்பாக்கி ஏந்தியவன் எவ்வளவு நேரம் நிற்பான் என்பதைப் பல படங்களைவிட இந்தப் பகடை நேர்மையாகச் சொல்கிறது. டி பால்மா படத்தில் அடியாள்கள் கடைசி ஆள் வரைக்கும் நின்று சாகிறார்கள். மேசைமீது பாதிப் பேர் ஓட்டம் பிடிக்கிறார்கள்.

காட்ஃபாதர் மேசையில்

2017இல் சிஎம்ஓஎன் நிறுவனம் வெளியிட்ட 'தி காட்ஃபாதர்: கொர்லியோனிஸ் எம்பயர்' கடும் விதிநூல் மரபைச் சேர்ந்ததல்ல, சிற்றுருக்களைக் கொண்ட பலகை ஆட்டம். ஆனால் படத்துக்கு மிக அருகில் நிற்க முயன்ற ஆட்டம் அது. வடிவமைத்தவர் எரிக் லாங். இரண்டு முதல் ஐந்து பேர் ஆடலாம். நான்கு அங்கங்கள். நியூயார்க் நகரப் பகுதிகளில் கடைகள் விரிந்திருக்கும். உங்கள் அடியாளை ஒரு கடையின் முன் நிறுத்தினால் அந்தக் கடை தரவேண்டியதைத் தரும். குடும்பத்தவரை நிறுத்தினால் சுற்றியுள்ள பகுதிகளின் புழக்கடைச் சரக்கு உங்கள் கைக்கு வரும். அதைக் கொண்டு 'வேலை'களை முடித்துப் பணம் சேர்க்க வேண்டும். கடைசியில் பெட்டியில் அதிகப் பணம் உள்ளவர் வென்றவர்.

ஆட்டத்தின் நுட்பமான பகுதி சிறிய தகரப் பணப்பெட்டி. கையிலுள்ள பணமும் சரக்கும் சீட்டுகளாகவே இருக்கும். அங்கம் முடியும்போது கைக்கு ஒரு வரம்பு உண்டு. மிஞ்சியது போய்விடும். அங்கம் ஏற ஏற வரம்பு சுருங்கும். பெட்டிக்குள் போன பணமே உங்களுடையது. ஒளித்து வைக்க இடமில்லாத செல்வம் செல்வமே அல்ல என்பதை, கபோனைச் சிறைக்கு அனுப்பிய அந்தப் பேரேட்டின் உண்மையை, ஒரு தகரப்பெட்டி சொல்லிவிடுகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்க்காத இன்னொன்றும் உண்டு. கொல்லப்பட்ட பொம்மை ஹட்சன் ஆற்றில் போடப்படும். அங்கம் முடிந்ததும் அது உரியவரிடம் திரும்பிவிடும். எங்கள் வீட்டில் ஆடியபோது என் குடும்பத்தவர் ஒருவர் ஆற்றுக்குப் போனார். நான் சற்று நேரம் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "பரவாயில்ல தாத்தா, அடுத்த ரவுண்டுல வந்துருவாரு" என்றான் பேரன். படத்தில் சுங்கச்சாவடியில் சன்னி சுடப்படும் காட்சி முடிந்தபின், கொர்லியோனி அந்த உடலைப் பிணக்கடைக்காரர் பொனசேராவிடம் கொண்டுபோகிறார். படத்தின் முதல் காட்சியில் தன் மகளுக்கு நியாயம் கேட்டு இருட்டறையில் நின்ற அதே பொனசேரா. கேட்ட உதவிக்குக் கைம்மாறாக அவர் செய்ய வேண்டியிருந்தது, தாய் பார்க்கும்படியாக அந்த உடலைச் சீர்செய்வது. மரியோ பூசோவும் கொப்பொலாவும் கதையை ஒரு கேங்ஸ்டரின் முகத்தில் தொடங்கவில்லை. மனுதாரரின் முகத்தில் தொடங்கினார்கள். ஆட்டத்தில் மனுதாரர் இல்லை.

கடைகளைப் பாருங்கள். எத்தனை முறை வந்து நின்றாலும் கடை தரும். முதல் குடும்பம் எடுத்துப்போன மறுநொடியே அடுத்த குடும்பத்துக்கும் தரும். அது மூடுவதில்லை, மறுப்பதில்லை, காவல் நிலையத்துக்குப் போவதில்லை. அது கடையல்ல, ஊற்று. வேலையாளை நிறுத்திப் பொருள் எடுக்கும் பலகை ஆட்டங்கள் எல்லாவற்றிலும் உள்ள வழிமுறைதான் இது. வயலில் நிறுத்தினால் கோதுமை, காட்டில் நிறுத்தினால் மரம். வயலுக்கு வலிக்காது என்பதால் அங்கே இடறுவதில்லை. இங்கே அதே விதி மாமூல் வசூலுக்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெக்கரின் சலவைக்கடை

கடைக்காரரை வைத்து ஆட்டம் அமைக்க முடியாது என்பார்கள். சிகாகோ வரலாற்றிலேயே ஆயத்தமாக ஓர் ஆட்டம் கிடக்கிறது. மோரிஸ் பெக்கர் அந்நகரில் நெடுங்காலம் துணி வெளுக்கும் தொழில் நடத்தியவர். தொழிலைத் தன் பிடிக்குள் வைத்திருந்த சங்கம், அது சொன்னபடி விலையை உயர்த்தச் சொன்னது. அவர் இணங்கவில்லை. அவருடைய நிலையத்தில் குண்டு வெடித்தது. பெக்கர் முறைப்படி அரசு வழக்கறிஞரிடம் போனார். வழக்கு நடந்தது; குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 1928இல் பெக்கர் தம் தொழிலில் ஒரு புதிய பங்குதாரரைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் அல் கபோன். அதன்பிறகு தொல்லை இல்லை.

இதில் என்னதான் இல்லை? நான்கு தரப்பு இருக்கிறது: கடைக்காரர், சங்கம், சட்டம், கபோன். ஒவ்வொரு சுற்றிலும் கடைக்காரருக்கு ஒரு முடிவு இருக்கிறது: கட்டுவதா, மறுப்பதா, சொல்லிக்கொடுப்பதா, பெரிய திருடனிடம் அடைக்கலம் புகுவதா? வென்றாலும் அவர் எதை இழந்தார் என்று கேட்க இடமிருக்கிறது. பலம் சமமில்லாத இரு தரப்பை எதிரெதிரே வைத்து ஆடுவது புதிதும் அல்ல. நம் திண்ணைக் கற்களில் கீறிவைத்த ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடு வெட்டாது, சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைக்கும். ஆட்டுக்குப் பல் கொடுத்தால்தான் விளையாட்டு சுவைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

கேங்ஸ்டர் ஆட்டங்களிலேயே இந்தத் திசையில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1982இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட 'கேங்பஸ்டர்ஸ்' பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். லேக்ஃபிரன்ட் சிட்டி என்ற கற்பனை நகரம் அதன் களம். அதில் கேங்ஸ்டராக மட்டுமின்றி, காவலராகவும் தனியார் துப்பறிவாளராகவும் பத்திரிகையாளராகவும் இருக்கலாம். பத்திரிகையாளர் செய்தியை வெளியிட்டே முன்னேறுவார், சுட்டு அல்ல. ஒரே நகரத்தை நான்கு கண்களால் பார்க்க அந்த நூல் இடம் தந்தது. அதிலும் கடைக்காரராக ஆட முடியாது என்றாலும், அவரிடம் போய்ப் பேச ஒருவருக்காவது காரணம் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து வந்த அழகான பொம்மைகள் அந்த இடத்திலிருந்து பின்னால் போயிருக்கின்றன.

பிள்ளைகள் இதையெல்லாம் ஆடிக் கெட்டுப்போவார்கள் என்று நான் சொல்லவில்லை. சதுரங்கம் ஆடி ஒருவரும் அரசனைச் சிறைப்பிடிக்கப் போனதில்லை. என் குறை வேறு. மாமூல் என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடமிருந்து பறிப்பது. அதை ஆட்டமாக்கும்போது பறிகொடுத்தவரின் இடத்தை நிரப்பாமல் விட்டால், பறிப்பு சம்பாத்தியம்போல் ஆகிவிடுகிறது. ஆட்டத்தின் உள்ளேயே இது ஒரு வடிவக் குறை. முடிவெடுக்க வேண்டிய ஒரு தரப்பு பலகையில் அட்டையாகக் கிடக்கிறது.

ஆகவே பேரனும் நானும் 'கொர்லியோனிஸ் எம்பயர்' ஆட்டத்துக்கு வீட்டுவிதி ஒன்று சேர்த்தோம். ஒரே அங்கத்தில் ஒரு கடை மூன்று முறை கொடுத்துவிட்டால் அதன் அட்டையைக் கவிழ்க்க வேண்டும். கடை மூடிவிட்டது, கடைக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார். முதல் அங்கத்தில் அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதில் நான்கு கடைகள் கவிழ்ந்தன. மூன்றாவதில் சரக்கு கிடைக்காமல் எல்லோர் வேலைகளும் நின்றன. அவனுக்குக் கோபம் வந்தது, விதி சரியில்லை என்றான். நான்காவது அங்கத்தில் தன் பகுதியிலுள்ள ஒரு கடையில் தானும் எடுக்காமல், என் அடியாளையும் நிற்கவிடாமல், அதைச் சுற்றித் தன் ஆட்களை நிறுத்தினான். அந்த முறை அவன் தோற்றான். அடுத்த ஞாயிறு அதே விதியோடு ஆடுவதா, பழையபடி ஆடுவதா என்று இன்னும் சொல்லவில்லை.